விறகு வந்த வழி

தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். சிதம்பரத்தைச் சுற்றி ஒருகாலத்தில் அம்மரங்கள் காடாக அடர்ந்திருந்தமையால் ஊருக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் இன்று தில்லை மரத்தைக் காண விரும்புவோர் கோயிலின் நான்கு வீதிகளிலும் தேடிப் பயனில்லை. கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தொலைவு சென்று, பிச்சாவரத்து உப்பங்கழியில் படகேற வேண்டும். இடையிலிருந்த காடு எங்கே போயிற்று? ஒரு பகுதி வயலாக மாறியது. ஒரு பகுதி வீடும் வீதியுமாக மாறியது. எஞ்சியது அடுப்பிலும் சூளையிலும் உலையிலும் எரிந்து சாம்பலாயிற்று. அரசர் போரிட்ட வரலாறும் கோயில் எழுப்பிய வரலாறும் நமக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. விறகை வெட்டி, வண்டியேற்றி, ஊர்க் கொண்டு சேர்த்தவர்களின் வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. அதன் சில பகுதிகளைக் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களை முன்னிறுத்தி இங்கே காண்போம்.

விறகுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. மிளகும் துணியும் போல அது தூரப் பயணத்தைத் தாங்குவதன்று. கடலூர்த் துறைமுகத்திலே கப்பலேறிய துணிமூட்டை ஐரோப்பா வரையிலும் சென்று, கூலியும் கொடுத்து, ஆதாயமும் தந்தது. விறகோ பருமன் மிகுதியும் விலை குறைவும் உடையது. காட்டில் வெட்டிக் கிடக்கும்போது அதற்கு விலை ஏதுமில்லை என்றே சொல்லலாம். வண்டியில் ஏற்றி ஒவ்வொரு காதமாகக் கடத்தக் கடத்த, வண்டிக்கூலி ஏறிக்கொண்டே வரும். குறிப்பிட்ட ஒரு தூரத்தைத் தாண்டினால் விறகின் விலையைவிட அதைக் கொண்டுவந்த மாட்டின் தீனிச் செலவே மிகுதியாகிவிடும். அது மட்டுமா? அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழச் சரிபாதி நீர். எனவே பச்சை விறகை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரன் பாதிப் பாரத்தை நீருக்காகவே சுமந்து செல்கிறான். ஓர் ஊரின் அடுப்பு எரிவது மரத்தைப் பொறுத்ததன்று, அம்மரம் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது என்பதே இவ்வரலாற்றின் அடிப்படை.

பாரம் இழுக்கும் தொழில் தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. உப்பு வணிகராகிய உமணர் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டி ஓட்டிச் சென்றதைச் சங்கப் பாடல்கள் பல இடங்களிற் சொல்லுகின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி என்ன ஆகுமோ என்று எண்ணி, அவர்கள் வண்டியின் அடியிலே வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஒளவையார் தம் தலைவனை அச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். இன்றைய லாரி ஓட்டுநர் தம் வண்டிக்கு அடியில் மாட்டி வைத்திருக்கும் 'ஸ்டெப்னி' சக்கரத்திற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழில் ஒரு முன்னோடி இருந்தது என்பதை நினைக்க மகிழ்ச்சி உண்டாகிறது.

இனி, பரங்கிப்பேட்டைக்கு வருவோம். சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. 1781ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் அங்கே மோதிக்கொண்டதைப் பாடநூல்கள் கூறும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஊரில் நடந்த வேறொரு போராட்டத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அப்போராட்டம் இரும்புக்கும் விறகுக்கும் இடையே நடந்தது.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலராக இருந்தவர். சேலத்து மலைகளிற் கிடைக்கும் காந்த இரும்புக் கல்லின் உயர்வைக் கண்டு வியந்த அவர், 1825இல் பதவியைத் துறந்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையைக் கம்பெனியாரிடம் பெற்றார்; கடனும் பெற்றார்; அரசுக்குரிய நிலங்களில் விறகு வெட்டிக்கொள்ளும் சலுகையும் பெற்றார். 1830ஆம் ஆண்டையொட்டிப் பரங்கிப்பேட்டையில் ஊதுலைகளை எழுப்பினார். கனிமம் சேலத்திலிருந்து பரிசல்களில் ஆற்று வழியே வரும். உருக்கிய இரும்பு கடல் வழியே இங்கிலாந்துக்குப் போகும். ஆறும் கடலும் கூடும் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் அவர் அறிவு நன்கு விளங்குகிறது. ஆனால் உலைக்கு வேண்டிய மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அதுதான் கரி.

இங்கிலாந்தில் இக்கவலை இல்லை. 1709ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் டார்பி என்பார் நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டிவிட்டார். அதன்பின் அந்நாட்டு உலைகள் மெல்ல மெல்லக் காட்டை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலுக்கு இடம் மாறின. தென்னாட்டிலோ அக்காலத்தில் வெட்டியெடுக்கத்தக்க நிலக்கரி இல்லை. மரக்கரி ஒன்றே கதி.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் உலை நாள் ஒன்றுக்கு 5 டன் வார்ப்பிரும்பு தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் இரும்புக்குக் குறைந்தது 3 டன் மரக்கரி என்றால், நாளொன்றுக்கு 15 டன் கரி வேண்டும். மண் மூடிச் சுடும் பழைய மூட்டத்தில் ஒரு டன் கரி எடுக்க ஏறக்குறைய 5 டன் விறகு செல்லும். ஆக, நாள்தோறும் 75 டன் மரம் விழ வேண்டும். இந்த 75 டன்னையும் அப்படியே உலைக்கு இழுத்து வருவது அறிவுடைமை ஆகாது. ஆகவே காட்டிலேயே மூட்டம் போட்டுக் கரியாக்கி, 15 டன்னை மட்டும் வண்டியேற்றுவார்கள். கரி இலேசானது, ஆனால் இடத்தை அடைப்பது. வண்டிக்கு அரை டன் என்று கொண்டால் நாளொன்றுக்கு 30 வண்டி. காடு 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. மாட்டு வண்டி நாளைக்கு 20 கிலோமீட்டர் செல்லும். போக மூன்று நாள், வர மூன்று நாள். உலை ஒரு நாளும் அணையாமல் எரிய வேண்டுமானால் 180 வண்டிகளும் 360 மாடுகளும் எந்நேரமும் சாலையிலேயே இருந்தாக வேண்டும். இது ஓர் உலைக்கு மட்டும் உரிய கணக்கு. காடு இன்னும் 20 கிலோமீட்டர் விலகினால் மேலும் 60 வண்டிகள்.

காடு விலகாமல் நிற்குமா? வெட்ட வெட்ட அது விலகத்தான் செய்யும். அன்றியும், கரி வண்டியில் குலுங்கினால் உடைந்து பொடியாகும். பொடிக்கரி உலையின் காற்றோட்டத்தை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் தடத்தில் சக்கரம் குடம் வரை புதைந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிக்காரர் முதலில் உழவர். நடவும் அறுவடையும் வந்துவிட்டால் அவர் மாட்டை வெள்ளைக்கார முதலாளிக்காக அவிழ்த்துவிட மாட்டார். உலைக்கோ ஓய்வு இல்லை. ஒருமுறை அணைந்தால் மறுபடி மூட்டுவது பெருஞ்செலவு.

ஹீத் செய்த முயற்சியும் அவருக்குப் பின் வந்தோர் செய்த முயற்சியும் சிறியன அல்ல. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய பெயருடன் தொழில் விரிந்தது. அக்காலத்தில் மலையாளக் கரையில் பேப்பூரிலும், சேலம் மாவட்டத்துப் பாலம்பட்டியிலும், திருவண்ணாமலைப் பக்கத்திலும் உலைகள் இருந்தன. அவ்வூர்களின் வரிசையைப் பார்த்தாலே செய்தி விளங்கும். விறகு உலையைத் தேடி வர மறுத்தபோது, உலை விறகைத் தேடிப் போயிற்று! அப்படியும் தொழில் நிலைக்கவில்லை. கடன் சுமை ஒரு காரணம். கல்கரியில் உருக்கிய ஆங்கில இரும்பு மலிந்து வந்திறங்கியது மற்றொரு காரணம். ஆனால் அம்மலிவுக்குங்கூட அடிப்படை எரிபொருளின் அண்மைதான் என்பதை மறத்தல் ஆகாது. 1860களில் பரங்கிப்பேட்டையின் உலை அணைந்தது. 1874இல் கம்பெனியும் கலைந்தது. ஹீத்தின் கதையும் இரங்கத்தக்கதே. இங்கிலாந்து திரும்பி, எஃகு வடிப்பதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறையைக் கண்டு, 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகர எஃகுத் தொழில் அதனாற் செழித்தது. காப்புரிமைச் சொற்களில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திப் பிறர் ஆதாயம் அடைய, அவர் வழக்கு மன்றங்களில் காலங்கழித்து 1851இல் இறந்தார்.

உலை அணைந்ததும் காட்டுக்கு ஓய்வு கிடைத்ததா என்றால், இல்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தைத் தாங்கவும் மரம், எஞ்சின் கொதிகலனை எரிக்கவும் மரம். அதே 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக டாக்டர் ஹியூ கிளெகார்ன் பதவியேற்றது தற்செயலான நிகழ்ச்சியன்று. காடுகள் தேய்ந்துவரும் விரைவைக் கண்டு அரசே அஞ்சத் தொடங்கிவிட்டது. 1882இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விறகு பொறுக்கிய எளியோர் அன்று முதல் அனுமதிச் சீட்டோடு செல்ல வேண்டியதாயிற்று. இரயிலுக்கும் ஆலைக்கும் காட்டை எரித்த பின்னர், தலைச்சுமை விறகுக்காரியைத் தடுத்து நிறுத்திய அந்நீதியை நாம் இன்று படிக்கும்போது மனம் ஒப்புவதில்லை.

சென்னை நகரின் பசி தனி. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடுகள் வெட்டப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் விறகாக நகருக்கு வந்தன. படகுக்கு மாட்டுத் தீனி வேண்டாம், மேடு பள்ளம் இல்லை. ஓரிருவர் கழியூன்றித் தள்ளினால் பல வண்டிப் பாரம் நகரும். தெற்கே அக்கால்வாய் மரக்காணத்தோடு நின்றுவிட்டமையால் கடலூருக்கு அவ்வசதி வாய்க்கவில்லை. இங்கே வேறொரு வழி திறந்தது. காட்டிலிருந்து விறகைக் கொண்டுவர இயலாவிட்டால், காட்டையே சாலையோரத்துக்குக் கொண்டுவந்தால் என்ன என்ற எண்ணம் செயலாயிற்று. அச்செயலின் பெயர் சவுக்கு.

சவுக்கு நம் நாட்டு மரமன்று. தென்கிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடற்கரை மணலில் வளர்வது. இரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்ற நோக்கத்தோடு 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைகளில் அதனைப் பரவலாகப் பயிரிட்டார்கள். வேறெதுவும் விளையாத வெண்மணலில் அது எவ்வாறு தழைக்கிறது என்பது வியப்புக்குரியது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. ஆனால் முதல் இரண்டு கோடையும் மனிதர் உதவி இன்றி அது பிழைப்பதில்லை. ஊற்றுக்குழி தோண்டி, குடங்குடமாக நீர் சுமந்து, கன்று கன்றாக ஊற்றி வளர்த்தவர்கள் கடற்கரையூர்ப் பெண்களும் சிறுவர்களும் ஆவர். விறகுக்காகச் சுமக்கும் சுமை, அவ்வகையில், மரம் நடும் நாளிலேயே தொடங்கிவிட்டது.

சவுக்கு எரியும் சிறப்பை அடுப்புப் பார்த்தவர்களே அறிவர். மரம் கனமானது, ஆகவே சிறு கட்டையில் மிகுந்த வெப்பம் அடங்கியிருக்கிறது. ஓரளவு பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். அடிமரம் விறகு, நேரான நடுமரம் சாரம் கட்டவும் பந்தலுக்கும் கழி, நுனியும் கிளையும் மிலாறு, தோண்டியெடுத்த வேர்க்கட்டைக்கும் விலை உண்டு. உதிர்ந்த சருகையும் கூட்டிச் சென்று அடுப்பெரிப்பார்கள். 1870களின் இறுதியில் கடலூரையும் சிதம்பரத்தையும் இரயில் பாதை இணைத்தபின், கடலோரத் தோப்புகளுக்கும் நகரத்து விறகுத்தொட்டிகளுக்கும் இடைவெளி குறுகியது.

தோப்பு வளர்ந்த அதே காலத்தில் பிச்சாவரத்து அலையாத்திக் காடு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். வனத்துறை அதனைக் கூறு கூறாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறு என முறைவைத்து முற்றாக வெட்டி விற்றது. சில பத்தாண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது கணக்கு. இக்கணக்கு மலைக்காட்டுக்குப் பொருந்தலாம், கடற்கழிக்குப் பொருந்தவில்லை. மரம் அகன்ற சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் ஓதநீர் புகுந்து, திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கி, உப்பேறியது. உப்பேறிய பள்ளத்தில் கன்று முளைக்கவில்லை. 1970களில் வெட்டுவது நின்றது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் போன்ற கிளைக் கால்வாய்களை வெட்டி ஓதநீர் வந்து போக வழிசெய்த பின்னரே அப்பள்ளங்கள் பசுமை கண்டன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள் பேரழிவுக்குத் தப்பின. அம்மரங்களை விறகாக நிறுத்து விற்றபோது இக்காவலின் விலையை யாரும் தராசில் வைக்கவில்லை.

மாட்டு வண்டியை விட்டு மோட்டாருக்கு வருவோம். இடையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1939 முதல் 1945 வரையில், பெட்ரோல் அரிதாயிற்று. பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பின்புறத்தில் உயரமான உருளை அடுப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எழும் வாயு, குழாய் வழியே எஞ்சினுக்குச் சென்று பெட்ரோலுக்கு மாற்றாக எரியும். புறப்படுமுன் ஒருவர் நின்று காற்றாடியைச் சுற்றி அடுப்பை மூட்ட வேண்டும்; மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கித் தள்ளவும் வேண்டும். கரி பஸ் என்று பெயர் பெற்ற அவ்வண்டிகளின் காலத்தில், விறகு ஏற்றிச் சென்ற லாரி விறகாலேயே ஓடியது எனலாம். போர் முடிந்ததும் அவ்வடுப்புகள் மறைந்தன.

விடுதலைக்குப் பின் உள்நாட்டிலேயே லாரிகள் உருவாகத் தொடங்கின. 1948இல் எண்ணூரில் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. ஜம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் 1954 முதல் லாரி கட்டினார்கள். 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாஸி பெர்கூசன் டிராக்டர்களைச் செய்யலாயிற்று. டிராக்டரை உழவுக்கென்று வாங்கினார்கள். ஆனால் உழவு ஆண்டில் சில வாரங்களே. மற்ற நாட்களில் அதன் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினால் கரும்பும் செங்கல்லும் மணலும் விறகும் ஏற்றலாம் என்பதைக் கண்டுகொள்ள நம் உழவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மாட்டு வண்டிகளின் பாரத்தை ஒரே லாரி, ஒரே இரவில், சென்னைக்குக் கொண்டுசேர்த்தது. தூரத்துக்கும் விறகுக்கும் இருந்த பழைய பகை அன்றுதான் தணிந்தது.

லாரியும் டிராக்டரும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல, பங்காளிகள். லாரியின் சக்கரம் சிறியது, காற்றழுத்தம் மிகுந்தது, ஒரு சக்கரத்தின் மேல் இறங்கும் பாரமும் பெரியது. சவுக்குத் தோப்பின் மணலில் கால் வைத்தால் அது தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும். டிராக்டரின் பின்சக்கரம் ஆளுயரம் உள்ளது, அகன்றது, ஆழமான கட்டைப்பற்கள் உடையது. பாரம் பரந்த நிலத்தில் படிவதால் மணல் அதனைத் தாங்குகிறது. எனவே தோப்பிலிருந்து தார்ச்சாலை வரை டிராக்டர்; சாலையிலிருந்து நகரம் வரை லாரி. நல்ல நிலத்தில் ஏக்கருக்கு 40 டன் விளைந்தது எனக் கொண்டால், அது நான்கு லாரிப் பாரம். அந்நான்கு பாரத்தையும் சாலைக்கு இழுத்துவர டிராக்டர் பத்து, பன்னிரண்டு நடை நடக்க வேண்டும்.

இவ்விழுப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. இயற்பியல் பயிலும் மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். டிராக்டரின் இழுவிசை அதன் எஞ்சினில் மட்டும் இல்லை. பின்சக்கரம் நிலத்தை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே அது இழுக்கும். ஒற்றை அச்சு டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதி கொக்கியின் வழியே டிராக்டரின் பின்புறத்தை அழுத்துவதால் சக்கரம் வழுக்காமல் பிடிக்கிறது. ஆனால் அடுக்குவோர் கனத்த அடிக்கட்டைகளையெல்லாம் டிரெய்லரின் பின்கோடியில் போட்டுவிட்டால், துலாக்கோல் போல் முன்புறம் மேலெழும்பி, சக்கரம் பிடியிழக்கும். பருத்த கட்டையைச் சங்கிலி கட்டித் தரையோடு இழுக்கும்போது வேறோர் ஆபத்து. சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்கேனும் மாட்டினால், கட்டை எங்காவது தடுக்கிய கணமே டிராக்டர் பின்னங்காலில் எழும்பும் குதிரையைப் போல முன்சக்கரத்தைத் தூக்கிக் கவிழ்ந்துவிடும். ஓட்டுபவர் தப்பிக்க நேரம் இராது. ஆகையால் இழுகொக்கி எப்போதும் அச்சுக்குத் தாழ்வாகவே இருத்தல் வேண்டும். டிரெய்லர்கள் பெரும்பாலும் தனித் தடையில்லாதவை. ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில் பின்னாலுள்ள பாரமே முன்னாலுள்ள வண்டியைத் தள்ளும். பின்விளக்கில்லாமல் இருளில் ஊர்ந்து செல்லும் டிரெய்லரால் நெடுஞ்சாலையில் நேரும் விபத்துகளைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

வண்டி வந்துவிட்டதால் மனிதனின் தோள் ஓய்ந்துவிட்டதா? மரத்தை வெட்டி, அளவாகத் துண்டித்து, சும்மாடு வைத்துத் தூக்கி, பலகை மேல் ஏறி லாரியில் அடுக்குவது இன்றும் பெரும்பாலும் மனிதர் வேலையே. ஒரு வளர்ந்த ஆண் வழக்கமாகச் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. பச்சைச் சவுக்கின் அடிக்கட்டை அப்பரிந்துரையைப் படித்ததில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் சுமைதூக்குவோரையும் தன் காப்பில் கொண்டுவந்தது. அதனினும் கொடியது முன்பணக் கட்டு. சிறுதொகையை முன்பணமாகக் கொடுத்து, அதைத் தீர்க்கும் வரையில் குடும்பம் முழுவதையும் தோப்புத் தோப்பாக மரம் வெட்ட அழைத்துச் செல்லும் வழக்கம் வட தமிழ்நாட்டில் இருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்த பின்னரும், மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை அரசு அலுவலர் மீட்ட நிகழ்ச்சிகள் 21ஆம் நூற்றாண்டிலும் பல நிகழ்ந்துள்ளன. பாரத்தைக் கணக்கிடும் நாம் இப்பாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விறகுக்கு மாற்றும் இதே மாவட்டத்தின் நிலத்துக்கடியிலேயே கிடந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956இல் கம்பெனி அமைந்து, 1957இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கரியைக் கட்டியாக்கிப் புகையின்றி எரியும்படி செய்த 'லெகோ' பல வீடுகளின் அடுப்புக்கு வந்தது. பரங்கிப்பேட்டை உலை மரக்கரிக்குத் தவித்த இடத்துக்கு மிகத் தொலைவில்லாமலே இந்தப் புதையல் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஹீத் இதனைக் கண்டிருந்தாலும் மேல்மண்ணையும் அடிநீரையும் வெல்லும் இயந்திரங்கள் அவர் காலத்தில் இல்லை. பின்னர் எரிவாயு உருளை பரவியது, லெகோ மறைந்தது, நகரத்து விறகுத்தொட்டிகளும் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.

ஆயினும் சவுக்குத் தோப்புகள் மறையவில்லை. செங்கற்சூளைக்கும், திருமணச் சமையலுக்கும், கட்டடச் சாரத்துக்கும் அது வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காகித ஆலைகள் அதனை விரும்புகின்றன. கடலூர்க் கடற்கரையில் வெட்டிய மரம் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கரூர் மாவட்டத்துக் காகிதபுரம் வரை லாரியிற் செல்லுகிறது. 60 கிலோமீட்டரே பெருந்தூரமாயிருந்த பரங்கிப்பேட்டை நாட்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இயற்கையும் ஒருமுறை விறகு வெட்டியது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும், கடலோரத்துச் சவுக்கும் ஒரே காலைக்குள் சாய்ந்தன. சவுக்கு வெட்டுவதற்கென்றே வளர்த்த மரம். நான்கைந்து ஆண்டில் மறுபடி எழும். பலாவோ தாத்தா நட்டுப் பேரன் உண்பது. விழுந்த மரத்தை அகற்றினாலன்றி மறுநடவு இல்லை; எல்லாரும் ஒரே வேளையில் விற்க முனைந்தால் வாங்குவோர் சொன்னதே விலை. அந்நாட்களில் ஆளும் டிராக்டரும் லாரியும் கிடைத்தவர் முதலில் நிலத்தைத் துப்புரவாக்கினார். கிடையாதவர், தம் தோட்டத்தில் தம் வாழ்வு கிடைமட்டமாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

காத்திருப்பதில் வேறொரு நட்டமும் உண்டு. முன்பு சொன்ன அந்த நீர்க்கணக்குத்தான். மரம் எடைக்கு விற்கிறது. வெட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வெயில் அதிலிருந்து நீரை உறிஞ்ச, எடை குறைந்துகொண்டே போகிறது. எரிப்பவருக்கு உலர்ந்த மரம் நல்லது. விற்பவருக்குப் பச்சை மரம் நல்லது. அதனால் வெட்டு தொடங்கிய தோப்பில் யாரும் நிற்பதில்லை. மாலைக்குள் துண்டித்ததை டிராக்டர் இருட்டுமுன் சாலைக்கு இழுத்துவிடுகிறது. அங்கே காத்திருக்கும் லாரி, ஆட்கள் அடுக்கி முடித்து வடக்கயிற்றை இறுக்கியதும், மரத்தின் ஈரம் உலர்வதற்குள் எடைமேடையில் ஏறிவிட வேண்டுமென்று இரவிலேயே புறப்பட்டுவிடுகிறது.